உப்பளத்து வீட்டின் தண்ணீர்க் குடம்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், ஏறக்குறைய 120 கிலோமீட்டர் கடந்ததும் சாலையின் பக்கத்தில் வெண்ணிறக் குன்றுகள் வரிசையாய் நிற்பதைக் காண்பர். அவை மரக்காணத்து உப்புக் குவியல்கள். வண்டியை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு செல்வோர் பலர். நானும் முதன்முதலில் அவ்வாறு நின்று வியந்தவள்தான். பின்னர் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்ற நேர்ந்தது. அந்த வெண்மைக்குப் பின்னால் இருக்கும் கால்களையும் கண்களையும் பற்றி எனக்குக் கற்பித்தவர்கள் என் மாணவியரே.

அன்றாடம் நேரும் காயங்களிலிருந்தும் நோய்களிலிருந்தும் குடும்பத்தைக் காப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இப்பொருள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அடுப்பங்கரையையும் குளியலறைத் தரையையும் பற்றிப் பேசுவார்கள். நகரத்து வீட்டுக்கு அது பொருந்தும். உப்பளத்துக் குடும்பத்தில் வேலையிடத்தையும் வீட்டையும் இரண்டாகப் பிரிக்க முடிவதில்லை. பாத்தியில் ஏற்பட்ட வெடிப்பு வீட்டில் சீழ் பிடிக்கிறது. களத்தில் குடிக்காத தண்ணீர் இரவில் வீட்டில் காய்ச்சலாய் எரிகிறது. மேலும், தாயும் தந்தையும் விடியுமுன்னரே களத்துக்குப் போய்விடுவதால், வீட்டுக்குக் காவலாக எஞ்சுவோர் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளே. ஆகவே, மாணவ நண்பர்களே, இதை உங்களிடமே சொல்வது பொருத்தம் என்று கருதுகிறேன்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணரைச் சங்கப் புலவர்கள் விரும்பிப் பாடியிருக்கிறார்கள். அவர்களுடைய வண்டியும் எருதும் நம் நினைவில் நிற்கின்ற அளவுக்கு, உப்பு விளைந்த பாத்தியில் நின்றவர்களின் பாதம் நிற்கவில்லையே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்தப் பாதத்திலிருந்தே தொடங்குவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்த உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட்டால், அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும் நிலையில் சோற்றுப்பு படிகமாகத் தரையில் இறங்குகிறது. உப்பு வாருவோர் நிற்பது இந்தக் கடைசிப் பாத்தியில். அதாவது, கடலைவிடப் பத்து மடங்கு உப்புச் செறிந்த நீரில் அவர்கள் நாள்தோறும் பல மணி நேரம் வெறுங்காலுடன் நிற்கிறார்கள். ஊறுகாய்ப் பானையில் இட்ட மாங்காயிலிருந்து உப்பு நீரை வாங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுவே பாதத் தோலுக்கும் நேர்கிறது. தோல் வறண்டு தடிக்கிறது, குதிகால் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் படிகத்தின் கூர்முனை கிழிக்கிறது. உப்பு இறங்கியபின் எஞ்சும் கைப்பு நீரில் மக்னீசிய உப்புகள் மிகுதி. அது புண்ணில் பட்டால் படும் எரிச்சலைப் பட்டவர்களே அறிவர். குஜராத்தின் கச்சுப் பகுதியில் உப்பெடுக்கும் அகரியா மக்களின் பாதங்கள் ஈமத்தீயிலும் எளிதில் வேகா என்று அம்மக்களே சொல்வதுண்டு. அத்தனை உப்பு ஊறிய பாதங்கள்!

ரப்பர் பூட்சு அணிந்தால் போயிற்று என்று எழுதுவது எளிது. நானும் ஒருமுறை வகுப்பில் அவ்வாறே சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, "டீச்சர், பூட்சுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டால் காலே வெந்துபோகும், சேற்றில் அதை இழுத்து நடக்கவும் முடியாது" என்றான். அவன் சொன்னது உண்மை. அளவு சரியில்லாத பூட்சு உதவியைவிட இடையூறே செய்யும். அளவுக்கு ஏற்றது கிடைத்தால் நன்று. கிடைக்காதவர்க்கும் சில செயல்கள் கைகூடும். களத்தைவிட்டு ஏறியவுடன் கால்களை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். விரல் இடுக்குகளையும் துணியால் துடைத்து உலர்த்தவேண்டும். இரவில் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவினால் வெடிப்பு ஆழமாவது குறையும். காயம் இருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிச் சுத்தமான துணியால் மூடவேண்டும். மஞ்சளும் காப்பித்தூளும் அடுப்புச் சாம்பலும் புண்ணுக்குள் போகவே கூடாது.

இரணசன்னி என்னும் வில்வாத நோயின் கிருமி மண்ணில் கிடப்பது. முள் குத்திய ஆழமான சிறு காயம் அதற்கு மிகவும் வாய்ப்பான இடம். உப்பள வரப்புகளில் சீமைக்கருவேல முள்ளுக்குக் குறைவில்லை. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் உங்களுக்குப் போடப்படும் டி.டி. தடுப்பூசி இந்நோயிலிருந்தும் தொண்டை அடைப்பானிலிருந்தும் காப்பதற்காகவே. ஊசிக்குப் பயந்து அன்று மட்டும் வயிற்றுவலி கண்டு வீட்டில் தங்கிவிடும் மாணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு! பெரியவர்களுக்குக் காயம் பட்டால், கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது என்று மருத்துவமனையில் கேட்பார்கள். அந்தத் தேதியை வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

இன்னொன்று. தாய்க்கோ தந்தைக்கோ நீரிழிவு இருந்தால், பாதத்தில் உணர்ச்சி குறைந்து காயம் பட்டதே தெரியாமற் போகலாம். வலிக்காத புண் நல்ல புண் அன்று, அதுவே அஞ்சத்தக்கது. இரவு உணவுக்குப் பின் விளக்கை அருகில் வைத்துப் பெற்றோரின் உள்ளங்காலைப் பார்க்கும் பழக்கத்தை என் மாணவியர் சிலர் மேற்கொண்டனர். தொடக்கத்தில் பெற்றோர் கூச்சப்பட்டனராம். மகள் காலைத் தொட்டுப் பார்ப்பதில் என்ன கூச்சம்?

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைத் தரையும் தேங்கிய நீரும் வெயிலைக் கண்ணுக்குள் திருப்பி அடிக்கின்றன. மேலே சூரியன் ஒன்று, கீழே சூரியன் ஒன்று என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னார். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. கண்ணில் உப்புநீர் தெறித்தால் கசக்காமல், நல்ல தண்ணீரை நெடுநேரம் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இனி, நான் விரித்துச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். ஒரு பங்குனி மாதத்தில் என் வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது காரணம் கேட்டேன். அவள் தாய் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது தலைசுற்றி வரப்பில் விழுந்துவிட்டார். உடன் வேலை செய்தவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நீர்க்கடுப்பு, காய்ச்சல், வாந்தி. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று மருத்துவர் கேட்டாராம். தாய் விடை சொல்லவில்லை. மகள் என்னிடம் தலைகுனிந்தபடி சொன்னாள்: "அம்மா வேலைக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிக்கவே மாட்டார்கள், டீச்சர். அங்கே ஒதுங்க இடம் இல்லை."

கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமோ மறைவோ இல்லாத வெட்டவெளி உப்பளம். ஆண்கள் எப்படியோ ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்? விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுகையில் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். வேலை முடியும்வரை அடக்கிக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீரில் நின்றுகொண்டே தண்ணீரின்றி வாடுகிறார்கள்.

இதன் விளைவை அளந்து பார்த்தவர்களும் உண்டு. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரைப் பரிசோதித்தனர். நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர், உடல் தாங்கத்தக்கது என்று வகுக்கப்பட்ட வெப்ப எல்லைக்கு மேல் உழைத்தனர். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் செயல் குறைந்திருந்தது. சிறுநீரகம் வலியால் கூப்பிட்டு எச்சரிக்கும் உறுப்பு அன்று. பெரும்பகுதி கெட்டபின்னரே அது வாய் திறக்கும்.

வெப்பம் உடலை எவ்வாறு தாக்குகிறது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நம் உடல் சூட்டைத் தணிப்பது வியர்வையால். வியர்வை ஆவியாகும்போதுதான் தோல் குளிர்கிறது. கடற்கரையில் காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே வியர்வை வழிகிறதே தவிர எளிதில் ஆவியாவதில்லை. வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து, உள்நாட்டு ஊர்களைவிட இங்கே வெயில் குறைவுதானே என்று எண்ணுவது பிழை. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை வெளியேறக்கூடும். உலக நலவாழ்வு நிறுவனமும் உலக வானிலை நிறுவனமும் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 20 டிகிரியைத் தாண்டியபின் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உழைக்கும் திறன் நூற்றுக்கு 2 முதல் 3 வரை குறைகிறது என்கிறது. தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என அறிவித்தது. வெயிலில் மயங்கி விழுவதை ஊழ்வினை என்று சொல்லி ஆறுதல் தேடும் காலம் போய்விட்டது.

கால் மணிக்கு ஒருமுறையோ இருபது நிமிடத்துக்கு ஒருமுறையோ ஒரு குவளை, அதாவது கால் லிட்டர், குடிப்பது நல்லது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கலாகாது. சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதிய நீர் சேர்கிறது. தேநீர் நிறமாக இருந்தால் சேரவில்லை. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. உப்பிட்ட கேழ்வரகுக் கூழும் நீர்மோரும் நம் பாட்டிமார் காட்டிய வழி. வியர்வையோடு போன நீரையும் உப்பையும் அவை ஒருங்கே மீட்கின்றன. இரத்தக் கொதிப்பு உடையவர்கள் மட்டும் உப்பை மிகுதியாகச் சேர்க்காமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் வெயிலில் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டு நினைவு தவறினாலோ, அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108 எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

"எல்லாம் சரி, ஒதுங்க இடம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். குடிநீரும் கழிப்பிடமும் அமைக்க வேண்டியது வேலை கொடுப்போரின் கடமை என்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. உப்பளம் ஒரு தொழிற்சாலையா, வெறும் வயல்தானே என்று பம்பாய் மாநிலத்தில் ஒரு வழக்கு எழுந்தது. கடல்நீரை உப்பாக்குவதும் உற்பத்தித் தொழிலே, ஆதலால் உப்பளமும் தொழிற்சாலையே என்று 1961 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கடமை இடம்பெற்றிருக்கிறது. சட்டம் தாளில் இருக்கிறது. வரப்பில் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. கல்லூரி மாணவர்களே, சட்டம் பயிலப் போகிறவர்களும் பொறியியல் பயிலப் போகிறவர்களும் உங்களுள் இருப்பீர்கள். உப்பு மண்ணில் துருப்பிடிக்காமல், இடத்துக்கு இடம் தூக்கிச் செல்லத்தக்க ஒரு சிறு கழிப்பறையை அமைப்பது பெரிய வித்தை அன்று. அதைப் பற்றி நினைப்பவர்கள்தாம் குறைவு.

தண்ணீரும் உப்பும் பற்றிப் பேசும்போது ஒரு நல்ல செய்தியையும் சொல்லத் தோன்றுகிறது. 1971 ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்குள் வந்தனர். எல்லை ஊரான பன்காவ்ன் முகாமில் காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரிடமே கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு 4 பேருக்கும் குறைந்தது. அங்கே மருத்துவம் செய்தவர்கள் தாய்மாரும் தமக்கைமாரும் என்பதை மறவாதீர்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், அந்த மருத்துவம் உங்கள் வீட்டிலும் உண்டு. கடையிலும் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முதன்மையானது. அது கைக்கு எட்டாத இரவில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கொடுக்குமுன் நீங்கள் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு நஞ்சாகும். மூட்டை மூட்டையாய் உப்பு கிடக்கும் ஊரில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, குடிக்கவும் மறுத்தால் மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

அந்த உப்பிலும் ஒரு குறை இருக்கிறது. கடலோரத்தில் விளைந்த உப்பில் அயோடின் தானே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் வெயிலில் விளைந்த சாதாரண உப்பில் அது மிக மிகச் சொற்பம். பின்னர் சேர்த்தால்தான் உண்டு. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் இன்றியமையாதது. பாத்தியிலிருந்து ஒரு படி அள்ளி வந்து குழம்புக்குப் போடும் வழக்கம் உப்பளத்து வீடுகளில் உண்டு. ஊருக்கெல்லாம் உப்பு அளிப்பவர் வீட்டுச் சமையலுக்கு அயோடின் உப்பைக் கடையில் வாங்க வேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆயினும் வாங்கத்தான் வேண்டும்.

விடியற்காலை இருட்டில் வரப்பில் நடப்போருக்குப் பாம்புக்கடி எப்போதும் உள்ள அச்சம். கைவிளக்கு இல்லாமல் புறப்படலாகாது. கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேட்டையே தரும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல், நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சைத் தருவோர் தொலைதூரத்தில் இல்லை. இதே கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978 இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதைச் சேகரிக்கிறது. வீட்டில் தீக்காயம் பட்டால், இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டுங்கள். பற்பசையும் மையும் மாவும் வேண்டா. மண்ணெண்ணெயைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள்; தவறிக் குடித்த குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள், மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அந்த மாணவியைப் பற்றி ஒரு சொல் கூறி நிறுத்திக்கொள்கிறேன். அவள் தாய் குணமாகி மீண்டும் களத்துக்குச் சென்றார். உடன் வேலை செய்த பெண்கள் சேர்ந்து, களத்தின் ஓரத்தில் சீமைக்கருவேலப் புதர் அருகே நான்கு கழி நட்டு, கீற்றுத் தட்டி கட்டி ஒரு மறைவிடம் அமைத்துக்கொண்டார்கள். அதைக் கழிப்பறை என்று சொல்ல முடியாது. ஐப்பசி மழையில் தட்டி சாய்ந்துவிடும், தையில் மறுபடியும் கட்டுவார்கள். மகள் விடியுமுன் எழுந்து குடத்திலிருந்து இரண்டு பெரிய புட்டிகளில் தண்ணீர் நிரப்பித் தாயின் கூடையில் வைப்பாள். தாய் வேலை முடிந்து திரும்பியதும் முதலில் அந்தக் கூடையைத்தான் பார்ப்பாளாம். சில நாட்களில் ஒரு புட்டியில் பாதி மிஞ்சியிருக்கும். "ஏனம்மா?" என்று கேட்பாளாம். தாய் ஒன்றும் சொல்லாமல் வாசற்படியில் அமர்ந்து, அவள் கண்முன்னே அதைக் குடித்து முடிப்பாராம்.